குருவி வீட்டின் உட்சுவர்

வாங்க, வாங்க. கேட்டைத் தள்ளாதீங்க, பூட்டியிருக்குது. இருங்க, தெறக்கறேன். பகல்லயும் பூட்டித்தானுங்க வெப்பேன். இல்லைன்னா தெருநாயி, நன்கொடை கேக்கறவன், பழைய பேப்பர்காரன்னு ஒருத்தன் மாத்தி ஒருத்தன் உள்ள வந்துருவான். வந்துட்டீங்களா, ஆச்சு, பூட்டிக்கறேன்.

வசந்தாமணி, சம்பந்தி வந்திருக்கறாரு, காபி போடு. இந்தா, சாவியக் கொண்டு போய் சமையக்கட்டு ஆணியில மாட்டு. எடுத்த சாமானை எடுத்த எடத்துல வெக்கோணும். இந்த ஊட்டுல அது ஒண்ணுதானுங்க சட்டம்.

சம்பந்தின்னு கூப்பிட்டதைத் தப்பா எடுத்துக்காதீங்க. இன்னும் உறுதி வார்த்தை ஆகலைதான். வர்ற வெள்ளிக்கிழமைன்னு புரோக்கர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள நீங்க மட்டும் தனியா, சொல்லாம கொள்ளாம வந்திருக்கறீங்கன்னா எதுக்குன்னு எனக்குத் தெரியாதுங்களா? மொத மருமக எப்படிச் செத்துச்சுன்னு கேக்கத்தான வந்தீங்க. கேளுங்க. பொண்ணைப் பெத்தவரு கேக்காம இருந்தாத்தான் நான் ஒரு மாதிரி நெனைப்பேன்.

அந்தச் சேர் வேண்டாம், காலு ஆடும். இதுல உக்காருங்க. இங்கிருந்து பாத்தாத்தான் நல்லாத் தெரியும். அந்தக் கெணத்துக்குப் பக்கத்துல கம்பம் நட்டு மேல வெச்சிருக்கறனே, அது என்னன்னு தெரியுதுங்களா? குருவி ஊடு. நல்லா உத்துப் பாருங்க. முன்னால ஆர்ச்சு, மேல பால்கனி, அதே இளம்பச்சை. நம்ம ஊடேதானுங்க, அப்படியே சின்னதாப் பண்ணியிருக்கறேன். இந்த லேஅவுட்டுக்கு வர்றவங்க அதை நின்னு பாக்காமப் போக மாட்டாங்க. சொல்றேன், எல்லாம் அதுலதான் ஆரம்பம்.

நான் என்ன தொழில் பாத்தேன்னு புரோக்கர் சொன்னாருங்களா? பவுண்டரியில இருந்தேன்னு மொட்டையாச் சொல்லியிருப்பாரு. நான் பேட்டர்ன் மேக்கருங்க. இரும்பு வாக்கறதுக்கு முன்னால அந்தச் சாமானை அப்படியே மரத்துல செய்யோணும். அந்த மரத்தை மண்ணுல அழுத்தி எடுத்தா அச்சு விழும், அதுலதான் இரும்பை ஊத்துவாங்க. மரத்துல ஒரு சிலாம்பு, ஒரு சொரசொரப்பு இருந்தாப் போச்சு. மண்ணு அதைப் புடிச்சுக்கும், எடுக்கறப்ப அச்சு ஒடைஞ்சிரும். அதனால எங்க தொழில்ல ஒரே பாடந்தான். எதுலயும் எதுவும் புடிக்கக் கூடாது. தேச்சு, பட்டி வெச்சு, மறுக்காத் தேச்சு, மேல பளபளன்னு லேக்கர் பூச்சு அடிச்சு, கை வெச்சா கை தானா வழுக்கிட்டுப் போகோணும். கோயமுத்தூருல எங் கையால செஞ்ச பேட்டர்னை ஒருத்தன் திருப்பி அனுப்பினதில்லைங்க.

இந்த ஊட்டுக் கதவு, ஜன்னலு எல்லாம் நான் தேச்சதுதான். மாடி பால்கனிக்கு ஸ்டீல் பைப்பு போடலாம்னான் எம் பையன் சசி. நான் விடுவனா? தேக்குல உருட்டி நானே கைப்பிடி பண்ணினேன். போறப்ப மேல கூட்டிட்டுப் போறேன், தடவிப் பாருங்க.

சசியப் பத்தி நீங்க கவலையே படவேண்டாம். திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில இருக்கறான், காலையில போனா ராத்திரிதான் வருவான். வாயத் தெறந்து இது வேணும்னு கேக்க மாட்டான். இந்தச் சம்பந்தத்தைக் கூட நான் சொன்னேன், சரிப்பான்னு சொல்லிட்டான். அத்தனைதான்.

மொத மருமக பேரு இந்துஜாங்க. தாராபுரம் பக்கம். நல்லாப் படிச்ச புள்ள, பள்ளிக்கோடத்துல டீச்சரா இருந்துச்சு. கல்யாணம் ஆனதும் நான்தான் வேண்டாம்னு சொன்னேன். பஸ்ஸு மாறி பஸ்ஸு ஏறி எதுக்குங்க அந்த அலைச்சலு? இங்க என்ன கொறை? அன்னாடம் பூவு, ஞாயித்துக்கெழமையானா கறி, கேட்ட பலகாரம். நம்ம ஊட்டுப் பொண்ணாட்டந்தான் வெச்சிருந்தேன். ரெண்டு வருசமாச்சு, வயித்துல ஒண்ணும் தங்கலை. அதுதான் ஒரு வெசனம்.

அப்பத்தான் ஈபி மீட்டர் பொட்டியில ஒரு குருவி வைக்கோலைக் கொண்டாந்து சொருக ஆரம்பிச்சுது. எம் ஊட்டுக்காரி வசந்தாமணிக்குச் சந்தோசம் புடிபடலை. குருவி கூடு கட்டினா ஊட்டுல தொட்டில் ஆடும்னு சொல்லி, அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாதுன்னுட்டா. எனக்கும் சந்தோசந்தான். ஆனா எடம் சரியில்லையேங்க. ஒயரு போற எடம். ரீடிங் எடுக்கறவன் வந்தா டப்புனு தெறப்பான். அதுமில்லாம வைக்கோலு தொங்கிக்கிட்டு, பாக்கவே அசிங்கமா இருந்துச்சு. முட்டை வெக்கறதுக்குள்ள அதைச் சுத்தமா வழிச்செடுத்துப் போட்டுட்டு, ஒரு நல்ல ஊடா நானே கட்டிக் குடுக்கறேன்னு சொன்னேன். இந்துஜா அந்த வைக்கோலை அள்ளி ஒரு அட்டைப் பொட்டியில எடுத்து வெச்சுக்கிச்சு.

பின்னால ஷெட்டுலதான் வேலை. மதியத்துல அதும் வந்து பக்கத்துல உக்காந்துக்கும். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரப் புள்ள. தேக்கற எமரி பேப்பரை எந்தப் பக்கம் ஓட்டோணும்னு ஒருக்காச் சொன்னாப் போதும். கேலி பேசும், சிரிக்கும். மாமா, குருவிக்கு ரேசன் கார்டு வாங்கிட்டீங்களான்னு கேக்கும். ஊடு முடியற சமயத்துல ஒரு வெள்ளை பெயிண்டு டப்பாவும் மெல்லிசா ஒரு பிரஷ்ஷும் எடுத்தாந்து, அந்தக் குட்டி வாசப்படிக்கு முன்னால நகத்தளவுல ஒரு கோலம் போட்டுச்சு. இப்பவும் இருக்குது பாருங்க, அதை நான் அழிக்கலை.

உள்பக்கத்துக்கு நான் லேக்கரைக் கையில எடுத்தப்பத்தான் அது புதுசா ஒரு பேச்சு எடுத்துச்சு. "மாமா, உள்ள மட்டும் சொரசொரன்னே விட்டுடுங்க. குஞ்சு நகத்தை ஊணித்தான் மேல ஏறி வரும்"னுச்சு.

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சுங்க. தொழிலுக்கு வந்த நாள்ல இருந்து எங்கிட்ட எவனும் சொரசொரன்னு விடுன்னு சொன்னதில்லை. நேத்து எமரி புடிச்ச கை எனக்குச் சொல்லுதேன்னு இருந்துச்சு. ஆனாலும் கோபப்படலை. கண்ணு, நம்ம கையில இருந்து போற சாமானுக்கு உள்ளுன்னும் வெளியன்னும் கெடையாதுன்னு சொல்லிட்டு, வெளிய ஒரு கோட்டிங்குன்னா உள்ள ரெண்டு கோட்டிங்கு அடிச்சேன். கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. கையை உள்ள விட்டா எங்கயும் நிக்காது.

மாடியும் கீழுமாப் பண்ணினதால நல்ல ஆழம். வாசல் மாடியிலதான் வெச்சேன், பூனை எட்டாது. பின்னால ஒரு கண்ணாடி, ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கும். உள்ள என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரிய வேண்டாமுங்களா? வாசலுக்கு ஒரு குட்டித் தட்டிக் கதவும் வெச்சேன். பொழுதோட குருவி உள்ள போனதும் சாத்திருவேன், விடிஞ்சதும் தெறந்து விடுவேன். நாம வெச்ச ஊட்டுக்கு வந்த பொறவு அதுகளுக்கு ஒண்ணுன்னா பொறுப்பு நம்மளுதுதான.

வசந்தாமணி, காபி என்னாச்சு? வருமுங்க. இப்பல்லாம் அவளுக்கு எல்லாமே மெதுவு. முன்ன வாயாடி. இந்துஜா போனதுல இருந்து பேச்சு கொறைஞ்சு போச்சு. கூப்பிட்டாத் திரும்பிப் பாப்பா, அவ்வளவுதான்.

எங்க விட்டேன்? குருவி வந்துச்சு. ரொம்ப நாளு கம்பத்தச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, ஒரு நாளு உள்ள எறங்குச்சு. முட்டை வெச்சுது. நம்புவீங்களோ மாட்டீங்களோ, அதே வாரந்தான் இந்துஜாவுக்கு நாளு தள்ளிப் போச்சுன்னு வசந்தாமணி வந்து எங்காதுல சொன்னா. நான் அழுதே போட்டேனுங்க. குலதெய்வத்துக்குப் பொங்கல் வெக்கறேன்னு வேண்டிக்கிட்டேன்.

அதுக்கப்பறம் நான் விடுவனா? ஒரு தூசு படக் கூடாதுன்னு பாத்துக்கிட்டேன். படி ஏறி எறங்கக் கூடாது, மாடியிலயே இருந்துக்கட்டும், சாப்பாடு மேல வந்துரும். மாடிப் படிக்கு ஒரு கிரில் கேட்டு போட்டேன், மறந்து கூட எறங்கிரக் கூடாதுன்னு. செல்போனு ஒடம்புக்கு ஆகாதுன்னு டிவியில சொன்னான், வாங்கி எம் பீரோவுல வெச்சுட்டேன். அவிங்க அம்மா ஊட்டுக்குப் போகோணும்னு ஒருக்காக் கேட்டுச்சு. தாராபுரம் ரோடு குண்டும் குழியும். வளைகாப்பு முடிஞ்சு போய்க்கலாம் கண்ணுன்னேன். அப்பறம் கேக்கவே இல்லை. புரிஞ்சுக்கற புள்ள. பால்கனியில சேர் போட்டு உக்காந்து குருவி ஊட்டையே பாத்துக்கிட்டிருக்கும்.

குஞ்சு பொரிஞ்சு, ரெக்கை மொளைச்சுது. பெரிய குருவி எரை கொண்டாந்து குடுக்கறதை நிறுத்திட்டு, வேப்ப மரத்துல உக்காந்து கத்த ஆரம்பிச்சுது. உள்ள இருந்து சத்தம். டப்பு டப்புன்னு. கண்ணாடி வழியாப் பாத்தேன், குஞ்சுக எட்டிக் குதிக்குது, சுவத்துல பட்டுக் கீழ வருது, மறுக்காக் குதிக்குது. நல்ல தெம்பா இருக்குதுகன்னு நெனைச்சேன். வெளையாட்டு. வசந்தாமணியக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ பாத்துட்டு உள்ள போயிட்டா.

அடுத்த நாளு காங்கேயத்துல எங்க பங்காளி ஒருத்தர் தவறிட்டாரு. போகாம இருக்க முடியுங்களா? வாயும் வயிறுமா இருக்கற புள்ளைய எழவு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாது, உங்களுக்கே தெரியும். நானும் வசந்தாமணியும் கெளம்பினோம், சசி நேரா அங்க வந்துட்டான். மேல அதுக்குச் சாப்பாடு, பழம், பிளாஸ்க்குல பாலு எல்லாம் வெச்சாச்சு. கிரில் கேட்டைப் பூட்டி, முன்கதவைப் பூட்டி, இந்தக் கேட்டையும் பூட்டிட்டேன். தனியா இருக்கற பொம்பளப் புள்ள, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? குருவி ஊட்டுத் தட்டியையும் சாத்திட்டேன், பூனை வந்துருமேன்னு.

நான் தட்டியச் சாத்தறதை அது பால்கனியில நின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு. அப்பத்தான் சொல்லுச்சு. "மாமா, அதுக வெளையாடலை. ஏற முடியலைங்க. அந்தப் பின் கண்ணாடிய மட்டும் கழட்டி வெச்சுட்டுப் போங்க."

வந்து பாத்துக்கலாம் கண்ணுன்னேன். மனுசக் கை பட்டா தாய்க்குருவி சேத்துக்காதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படிச்ச புள்ளைக்குத் தெரியலை பாருங்க.

பொழுதோட வந்து கேட்டைத் தெறக்கறோம், பால்கனிக்கு நேர் கீழ, அந்தக் கம்பத்தடியில கெடக்குது. சிமிட்டித் தரை போட்டிருக்கறேன் பாருங்க, அங்க. பால்கனியத் தாண்டி, கைப்பிடியப் புடிச்சுத் தொங்கி எறங்கப் பாத்திருக்குது. தலையில அடி. டாக்டரு, போலீஸு எல்லாம் வந்தாங்க. தவறி விழுந்ததுன்னு எழுதிக்கிட்டாங்க. அந்த இன்ஸ்பெக்டரு மேல போய்க் கைப்பிடியத் தடவிப் பாத்துட்டு, என்னங்க புடிமானமே இல்லையேன்னாரு. ஆமாங்க, நானே பண்ணினதுன்னு சொன்னேன். ஒரு மாதிரி என்னையப் பாத்துட்டுப் போனாரு.

அவிங்க அப்பா வந்து, எதுக்குங்க எம் பொண்ணை வெச்சுப் பூட்டினீங்கன்னு எல்லாத்து முன்னாலயும் கேட்டுப்போட்டாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. அந்தப் புள்ள குருவிக்காக உசுர விட்டுச்சுங்க. குஞ்சுக மேல அத்தனை பிரியம். நான் எல்லாருகிட்டயும் அதைத்தான் சொல்றது, பெருமையாத்தான் சொல்றது.

ஒண்ணுதான் இன்னைக்கும் எனக்குப் புரியலை. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஆகப் போறோம். அது தோள்ல ஒரு பை மாட்டியிருந்துச்சு. உள்ள ரெண்டு சேலை, பள்ளிக்கோடத்து சர்ட்டிபிகேட்டு, கொஞ்சம் சில்லறை. செருப்பை முன்னாலயே கீழ போட்டிருக்குது, ஜோடியாக் கெடந்துச்சு. குருவிக் கூட்டைத் தெறக்கறதுக்கு சர்ட்டிபிகேட்டு எதுக்குங்க? ரோசனை பண்ணிப் பண்ணிப் பாக்கறேன், புடிபட மாட்டேங்குது. பைய நான் போலீஸு கண்ணுல காட்டலை. புள்ள பேரு எதுக்குக் கெடோணும்னு உள்ள எடுத்து வெச்சுட்டேன். பீரோவுல செல்போனு பக்கத்துல இருக்குது.

காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு நாளு குருவி ஊட்டைக் கழட்டினேன். குஞ்சுக எல்லாம் அடியிலதான் செத்துக் கெடந்துச்சு. உள்சுவரு பூரா நகத்துக் கீறலுங்க. மயிர் மாதிரி மெல்லிசா, நாலு பக்கமும், எல்லாம் பாதி உசரம் வரைக்கும் வந்து நிக்குது. எனக்கு வயித்தெரிச்சலாப் போச்சு. அத்தனை கோட்டிங்கும் வீண். உக்காந்து பூராத்தையும் தேச்செடுத்து மறுக்கா லேக்கர் அடிச்சேன். கைப்பிடியிலயும் ஒரு கோடு இருந்துச்சு, மோதரம் இழுத்துருக்கும் போல, ஒரு சாண் நீளம். அதையும் தேச்சுப் பாலிஷ் போட்டாச்சு. எந்த எடம்னு நீங்க தேடினாலும் கண்டுபுடிக்க முடியாது.

உங்க பொண்ணைப் பத்தி நீங்க துளி கூடப் பயப்பட வேண்டாம். ஒருக்கா நடந்தது மறுக்கா நடக்க விடுவனா? அண்ணாந்து பாருங்க. பால்கனிக்கு அடியில இருந்து மேல் காங்கிரீட்டு வரைக்கும் கிரில் அடிச்சாச்சு. விரல்தான் வெளிய வரும். இனி யாரும் விழ முடியாது. யாழினிதான பேரு? நல்ல பேரு. பேங்குல வேலைன்னாங்க. அதையெல்லாம் விட்டுரட்டும். போட்டோவுல கொஞ்சம் எளைச்சாப்புல இருக்குது, இங்க வந்தாத் தேறிக்கும். மாடி ரூமுக்குப் புதுசாப் பெயிண்டு அடிச்சுக்கிட்டிருக்கறேன். கதவு மட்டும் இன்னும் ஒரு கை தேக்கோணும்.

குருவியும் மறுக்கா வர ஆரம்பிச்சிருக்குதுங்க. நேத்து கூட ஒண்ணு வந்து வாசல்ல உக்காந்து உள்ள எட்டிப் பாத்துச்சு. எல்லாம் கூடி வருதுன்னு வசந்தாமணிகிட்ட சொன்னேன்.

இதுக்கு முன்னால ரெண்டு எடம் வந்தாங்க, மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லை. நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாங்க. காபியக் குடிச்சாங்க, என்னவோ அவசரம்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க, அப்பறம் போனை எடுக்கறதே இல்லை. உங்களாட்டம் நின்னு வெவரம் கேட்டவங்க யாருமில்லை. அதனாலதான் உங்க மேல எனக்கு ஒரு மரியாதை.

ஆ, வந்துட்டா. குடு, அவருக்கு மொதல்ல குடு. எடுத்துக்கங்க. சூடாக் குடிங்க.

என்னுங்க? ஏன் மொகம் அப்படிப் போகுது? சர்க்கரை பத்தலையா? இப்படிக் குடுங்க... அட, உப்பு. வாயில வெக்க முடியலையே. மன்னிச்சுக்கங்க, வயசாச்சு, டப்பா மாறிப் போயிருக்கும். இருங்க, என்னோடதையும் பாத்தர்றேன்.

இது நல்லாத்தான் இருக்குது. சர்க்கரை சரியா இருக்குது. ஒரே பாத்தரத்துல போட்டதுதான, எப்படி ஒண்ணுல மட்டும்...

ஏன் வசந்தாமணி, அவரையே அப்படிப் பாத்துக்கிட்டு நிக்கற? டம்ளரை வாங்கிட்டுப் போயி வேற போட்டுக் கொண்டா.

என்னுங்க, நீங்களும் எந்திரிச்சுட்டீங்க? உக்காருங்க, இப்பத்தான வந்தீங்க. மாடியப் பாக்க வேண்டாமுங்களா? சரி, சரி, அவசரம்னா நான் என்ன சொல்றது. வெள்ளிக்கிழமை பாக்கலாம். மெதுவாப் போங்க, கேட்டு பூட்டியிருக்கும், நான் வந்துதான் தெறக்கோணும். சாவி எங்க வசந்தாமணி? ஆணியில மாட்டச் சொன்னனே.

அட, கேட்டு தெறந்து கெடக்குதே. பூட்டையும் காணோம். யாரு தெறந்தது?

சம்பந்தி, ஒரு நிமிசம் நில்லுங்க. இவ என்னமோ சொல்றா பாருங்க. பூட்டையும் சாவியையும் கெணத்துல போட்டுட்டாளாமுங்க.